கதிரை கேட்டவரைப் படுக்க வைத்த ஊர்

இதய மருத்துவர் 'தாராளமாகப் போய் வரலாம்' என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் அது போதவில்லை. 'வெயிலில் நடக்கலாமா? மேடு ஏறலாமா? உப்பு அதிகமான சாப்பாடாக இருந்தால்?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கதவைத் திறந்து வெளியே வரும்போது என் கணவர் குகன், "நீர் இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தா அந்தாளுக்கு ஒரு ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்திருக்கும்" என்றார்.

குகனுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. அன்றிலிருந்து சிட்னியில் எங்கள் கெல்லிவில் வீட்டில் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போவதுகூட என் வேலைதான். மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போனால் அர்ச்சனைத் தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வேன். நான் மருந்தாளர். அளவு தவறினால் என்ன ஆகும் என்பதை நாள் முழுதும் பார்க்கிற வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி விடுவதில்லை.

ஸ்பெயின் போக விரும்பியது நான். பரமட்டாவில் எங்களுக்குச் சிறிய புகைப்படக் குழு ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை கூடி ஒருவர் படத்தை மற்றவர் குறை சொல்வோம். என் படங்களைப் பார்த்து ஒரு நண்பர், "எல்லாம் நேராக, சுத்தமாக இருக்கிறது. ஆனால் வீடு விற்கிற விளம்பரம் மாதிரி. ஒரு மனிதர்கூட இல்லையே" என்றார். உண்மைதான். அந்நியரிடம் போய் 'உங்களைப் படம் எடுக்கட்டுமா' என்று கேட்க எனக்கு வாய் வராது. மலையிடமும் மரத்திடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தெற்கு ஸ்பெயினின் வெள்ளை ஊர்களையும் அங்கே அன்றாடம் நடக்கிற வாழ்க்கையையும் எடுத்து வருவது என்று முடிவு செய்தேன். குகன் எதையும் தூக்கக்கூடாது, நான் சொல்கிற இடத்தில் உட்கார வேண்டும் என்பது ஒப்பந்தம். "ஓம், ஓம்" என்றார். அவருடைய 'ஓம்' எதற்கும் உத்தரவாதம் அல்ல.

முதல் நாள் செவில்லில். காலையில் அந்த நகரம் மெதுவாகத்தான் கண் விழிக்கிறது. தெருமுனைக் கடையில் வறுத்த ரொட்டி, அதன்மேல் துருவிய தக்காளி, ஆலிவ் எண்ணெய். பக்கத்து மேசைக்காரர் எண்ணெயை ஊற்றிய விதத்தைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைக்காரர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். நான் கைப்பேசியில் மொழிபெயர்ப்பைத் தேடிக்கொண்டிருக்கையில் குகன் நிமிர்ந்து, "பாண்" என்றார்.

கடைக்காரர் தலையாட்டிவிட்டுப் போய் ரொட்டி கொண்டுவந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் சேலத்துக்காரி. குகன் யாழ்ப்பாணத்தவர். மெல்பனுக்குப் படிக்க வந்தவர், பிறகு வேலைக்காகச் சிட்னிக்கு நகர்ந்தவர். எனக்கு நாற்காலி, அவருக்குக் கதிரை. எனக்குச் சமையலறை, அவருக்குக் குசினி. கதிரையும் குசினியும் பாணும் போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொற்கள். கல்யாணமான புதிதில் அவர் என்னை 'நீர்' என்று அழைத்தபோது, ராஜா நாடகத்தில் நடிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. இப்போது பழகிவிட்டது. மெல்பனில் இருக்கும் எங்கள் மகள் இரண்டு தமிழையும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

போர்த்துக்கீசும் ஸ்பானிஷும் பக்கத்து வீட்டு மொழிகள். ரொட்டிக்கு அங்கேயும் 'பான்'தான். அந்த ஒரு சொல் பலித்ததும் குகனைப் பிடிக்க முடியவில்லை. மதியம் உணவகத்தில் "மேசை" என்றார். மேசை கிடைத்தது. செருப்பு அறுந்துவிட, ஒரு கடைக்குள் போய் "சப்பாத்து" என்றார். சப்பாத்து காட்டினார்கள். "பாத்தீரே? நீர் ஆறு மாசமா ஃபோன்ல ஸ்பானிஷ் படிச்சனீர். எனக்கு இது அம்மான்ர குசினியிலேயே வந்தது."

"சாவியும் போர்த்துக்கீசுதானே, அதைக் கேட்டுப் பாருங்க" என்றேன். விடுதி வரவேற்பில் கேட்டார். அந்தப் பெண் விழித்தாள். "அது வேற பகுதி" என்று சமாளித்தார்.

இரண்டாம் நாள் நான் படம் எடுக்கப் புறப்பட்டேன். ஆற்றங்கரை, பாலம், ஓடு பதித்த சுவர், பால்கனியில் காய்கிற வெள்ளைத் துணிகள். சந்தையில் மாவைப் பிழிந்து எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தார் ஒருவர். அவர் கையில் இருந்தது சாட்சாத் முறுக்கு உழக்கு, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த முகத்தையும் கையையும் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. கேமராவைத் தூக்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று திரும்பி மேலே இருந்த விளக்கை எடுத்தேன். அன்று இரவு பார்த்தபோது நல்ல விளக்குப் படம் ஒன்று இருந்தது.

சாப்பாட்டில் எனக்கு ஒரு தோல்வி. இறைச்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லித்தான் குளிர்ந்த தக்காளிச் சூப் கேட்டேன். நம் ரசத்தைக் கெட்டியாக்கி ஃபிரிட்ஜில் வைத்த மாதிரி இருக்கும், வெயிலுக்கு அமிர்தம். மேலே பொடிப்பொடியாகப் பன்றி இறைச்சி தூவி வந்தது. பரிமாறியவரிடம் காட்டினேன். அவர் வருத்தத்துடன், "இது இறைச்சி இல்லை அம்மா, ஹாமோன்" என்றார். இங்கே அது உப்பு, மிளகு வரிசையில் சேர்த்தி போலிருக்கிறது. குகன் தூவலை ஒரு கரண்டி எடுத்தார். நான் பார்த்தேன். கரண்டியைத் திரும்ப வைத்தார்.

மூன்றாம் நாள் மலைப்பக்கம் இருந்த ஒரு வெள்ளை ஊருக்குப் பேருந்து. வழி முழுக்க ஆலிவ் தோட்டங்கள். சிவந்த மண்ணில் வரிசை பிசகாமல் பச்சைப் புள்ளிகள், மலை மலையாக. சுங்குடிச் சேலையை உலர விரித்தது போல. ஆஸ்திரேலியாவில் இவ்வளவு தூரம் போனால் வேலியும் மாடும் மட்டும் வந்துகொண்டிருக்கும். இங்கே ஒவ்வொரு மரத்தையும் யாரோ கையால் வைத்தது தெரிந்தது. சன்னல் கண்ணாடி அழுக்கு. ஆனாலும் எடுத்தேன்.

பாதியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கடைக்குள் போனார். யாரும் அசையவில்லை. காப்பி குடித்துவிட்டு, கடைக்காரரோடு ஏதோ வாக்குவாதம் முடித்துவிட்டு வந்தார். சிட்னியில் இப்படிச் செய்தால் செய்தியில் வந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம் ஊர் எல்லையில் காத்திருந்தது. அன்று ஊர்த் திருவிழா. சாலையை அடைத்திருந்தார்கள். மேலே சதுக்கம்வரை போக வேண்டிய பேருந்து மலையடியிலேயே எங்களை இறக்கிவிட்டுத் திரும்பியது. எங்கள் விடுதியோ உச்சிக்குச் சற்றுக் கீழே.

உச்சி வெயில். தெரு என்று சொல்ல முடியாது, சாய்த்து வைத்த சுவர். இரண்டு பக்கமும் வெள்ளை வீடுகள் கண்ணைக் குத்தின. பையும் கேமராவும் அதை நிறுத்துகிற முக்காலியும் என் தோளில். "அந்த முக்காலியையாவது தாரும்" என்றார் குகன். "வேண்டாம், மெதுவா வாங்க" என்றேன். "நான் என்ன முட்டையோ?" என்று கேட்டுவிட்டு, கோபத்தில் வழக்கத்தைவிட வேகமாக முன்னால் போனார்.

வெள்ளைச் சுவரை எடுக்கும்போது கேமரா ஏமாறும். வெண்மையைச் சாம்பலாக்கிவிடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். ஒரு நீலப் பூந்தொட்டிக்கு முன்னால் நின்று அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது குகன் திருப்பத்தில் மறைந்திருந்தார். அப்போதுதான் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. அடுத்து பல குரல்கள், கதவுகள் திறக்கும் சத்தம், ஓடும் காலடிகள்.

திருப்பத்தைக் கடந்தேன். தெருவின் நடுவில் என் கணவர் மல்லாந்து கிடந்தார். சுற்றி ஊர் நின்றது. ஒருவர் அவர் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். இன்னொருவர் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்திருந்தார். வீட்டு உடுப்பில் ஒரு அம்மாள் தலைமாட்டில் முழந்தாளிட்டு விசிறிக்கொண்டிருந்தார். யாரோ கைப்பேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். வார்த்தை புரியாவிட்டாலும் ஆம்புலன்சுக்குத்தான் பேசுகிறார் என்று புரிந்தது.

முக்காலியைக் கீழே போட்டேன். அது சரிவில் உருண்டு போனதைக் கேட்டேன், பார்க்கவில்லை. நாக்கின் அடியில் அடிக்கிற மருந்தை எடுக்கப் பைக்குள் கை விட்டேன். தினமும் மற்றவருக்கு விளக்கிச் சொல்கிற மருந்து. மூடி திறக்க வரவில்லை.

"நெஞ்சு வலிக்குதா? இடது கை? பேச முடியுதா?" என்று தமிழில் கத்தினேன்.

குகன் என்னைப் பார்த்தார். முகம் சிவந்து வேர்த்திருந்தது. ஆனால் கண்ணில் இருந்தது வலி அல்ல, எரிச்சல்.

"எனக்கு ஒண்டுமில்லை. இவையள் என்னை எழும்ப விடீனமில்லை."

"விழுந்தீங்களா?"

"விழேல்லை அப்பா! தலை கொஞ்சம் சுத்திச்சு. இருக்க ஒரு கதிரை கேட்டனான். பிடிச்சுப் படுக்க வைச்சிட்டினம்."

எழ முயன்றார். கூட்டம் ஒரே குரலில் கத்தியது. கால் பிடித்தவர் இன்னும் அழுத்தினார். தலைமாட்டு அம்மாள் என்னைப் பார்த்துத் தன் இடுப்பில் அறைந்து காட்டி, கைகளால் எதையோ முறிக்கிற மாதிரி செய்தார். கண்ணில் நீர். "கதேரா, கதேரா" என்றார்.

"ஓம், கதிரை!" என்றார் குகன் கீழேயிருந்து. "அதைத்தான் சொல்றன்!"

கூட்டம் 'ஐயோ' என்று உச்சுக் கொட்டியது.

ஒரு வீட்டின் உள்கதவையே கழற்றிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். அவரை அதில் தூக்கி வைத்தார்கள். சற்று மேலே இருந்த சிறிய சுகாதார நிலையத்துக்கு ஊர்வலம் கிளம்பியது. திருவிழா மேளம் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். எதிரே வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். "இவங்கள் என்னை அனுப்பியே வைச்சிடுவாங்கள் போல" என்றார் குகன். எனக்குச் சிரிக்க முடியவில்லை. தலை சுற்றியது என்றாரே, அது எதனால்?

பணியில் இருந்த மருத்துவர் இளம் பெண். நல்ல ஆங்கிலம். இடுப்பை அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்த்தார். காலை மடக்கினார், நீட்டினார். "எங்கே விழுந்தார்?" என்று என்னிடம் கேட்டார்.

"விழவே இல்லை."

"இடுப்பு உடைந்துவிட்டதாக இவரே சொன்னாராமே? விசிறியோடு வந்திருக்கும் கார்மென்தான் சன்னலைத் திறந்து என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவர் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டி, கதேரா, கதேரா என்று கெஞ்சியிருக்கிறார். இடுப்பெலும்புக்கு இங்கே கதேரா என்று பெயர்."

உட்காரத்தான் தட்டிக் காட்டியிருக்கிறார். நான் விளக்கினேன். போர்த்துக்கீசர், யாழ்ப்பாணம், கதிரை எல்லாம்.  மருத்துவர் வாசலுக்குப் போய், காத்திருந்த கூட்டத்திடம் இரண்டு வாக்கியம் சொன்னார்.  வெளியே சிரிப்பு கிளம்பியது பாருங்கள், சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று யாரோ மறுபடி கைப்பேசியில் கத்தினார்.

நான் சிரிக்கவில்லை. ஸ்டென்ட் விஷயத்தைச் சொன்னேன். மருத்துவரின் முகம் மாறியது. சட்டையைக் கழற்றச் சொல்லி, மார்பில் கம்பிகளை ஒட்டினார். இயந்திரம் காகிதத்தைத் துப்பத் தொடங்கியது.  நான் அந்தக் கோட்டைப் பார்க்காமல் சுவரில் இருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். குகனும் இப்போது வேடிக்கை பேசவில்லை. அவர் கை என் முழங்கையைத் தேடிப் பிடித்தது. கிண்டலுக்குக் கீழே அவரும் என்னைப் போலத்தான் பயந்துகொண்டே இருந்திருக்கிறார் என்பது அந்தப் பிடியில்தான் எனக்குத் தெரிந்தது.

மருத்துவர் காகிதத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். என்னிடம் இருந்த பழைய பதிவோடு ஒப்பிட்டார். இரத்த அழுத்தம் பார்த்தார்.

"இதயம் நன்றாக வேலை செய்கிறது. உடம்பில் தண்ணீர்தான் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டார்?"

"உப்பில்லாத பிஸ்கட்" என்று குகன் முந்திக்கொண்டு சொன்னார். "இவ தந்தவ."

அதை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. "வெயில் தாழ்ந்ததும் நடக்கட்டும், சாப்பிடட்டும். இந்த ஊரில் இதயம் பழுது பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்களும் இதே தெருவில்தான் ஏறி இறங்குகிறார்கள்" என்றார்.

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். முகம் கழுவிவிட்டு மகளுக்குச் செய்தி அனுப்பினேன். 'அப்பா ஓகே. நானும் ஓகே.' மெல்பனில் அப்போது இரவு. அவள் காலையில்தான் பார்ப்பாள்.

சாயங்காலம் கார்மென் அம்மாள் விடுதிக்கே வந்து எங்களை அழைத்துப் போனார். வெயில் போனதும் அந்தத் தெருவே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்கு வீடு வட்டம் போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். குகனைக் கண்டதும் ஆளுக்கொரு நாற்காலியை நீட்டினார்கள். கால் பிடித்த மனிதர் ஒன்றைத் தட்டி, "சீயா! இது சீயா!" என்று பாடம் எடுத்தார். பிறகு தன் இடுப்பைத் தட்டி, "கதேரா!" என்றார். குகன் எழுந்து நின்று இரண்டையும் மாற்றிச் சொன்னார். ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டாள். முக்காலியையும் யாரோ கீழே சரிவிலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு கால் வளைந்திருந்தது. கால் பிடித்தவரே அதை முழங்காலில் வைத்து நிமிர்த்திக் கொடுத்தார்.

"எங்களை எடுக்க மாட்டீர்களா?" என்று கார்மென் அம்மாள் கேமராவைச் சுட்டினார். நான் கேட்க வேண்டிய கேள்வி அது. எடுத்தேன். உருளைக்கிழங்கு தோல் சீவுகிற கைகள், சீட்டு விளையாடுகிறவர்கள், கழற்றிய கதவைத் திரும்ப மாட்டுகிற இருவர், நடுவில் என் கணவர், கையில் ரொட்டித் துண்டு, அதில் எண்ணெய் வழிகிறது. நான் வெளிச்சத்தை மட்டும் சரிசெய்தேன்.

மறுநாள் காலை சந்தை ஓரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ஊரின் உச்சியில் பழைய கோட்டைச் சுவர் ஒன்று நிற்கிறது. குகன் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"நான் மேல ஒருக்காப் போட்டு வாறன்."

"சரி" என்றேன்.

அவர் நம்பாமல் ஒரு நிமிடம் நின்றார். பிறகு போனார். முதல் திருப்பம்வரை பார்த்தேன். இரண்டாம் திருப்பத்தில் அவர் தொப்பி தெரிந்தது. மூன்றாவதில் தெரியவில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். வேகமாகத்தான் ஏறினேன், ஓடினேன் என்றும் சொல்லலாம். கோட்டைச் சுவரை எட்டும்போது என் மூச்சு என்னிடம் இல்லை.

குகன் சுவரில் சாய்ந்து கீழே ஆலிவ் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"ஏன் இப்பிடி ஓடி வந்தனீர்? இரும், இருந்து களை ஆறும்."

"படம் எடுக்கத்தான் வந்தேன்."

"ஓம். கமரா எங்க?"

தோளைத் தொட்டுப் பார்த்தேன். கேமரா காப்பிக் கடை மேசையில் இருந்தது. நான் அதை எங்கேயும் மறந்து வைத்ததே இல்லை.

"நீர் இதிலயே இரும். நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

வேண்டாம் என்ற சொல் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். அவர் இறங்கிப் போனார். சுவரில் உட்கார்ந்தேன். கீழே வெள்ளை வீடுகளின் கூரைகளுக்கிடையே அவர் வந்தார், மறைந்தார், மறுபடி வந்தார். யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நின்று கையாட்டினார். காற்று குளிர்ச்சியாக இருந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை மேலே வந்தபோது அவருக்கு மூச்சு கொஞ்சம் வாங்கியது. இந்த மேட்டில் ஏறுகிற யாருக்கும் வாங்குகிற அளவுதான். கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி நீட்டினார்.

"இந்தாரும். வெயில் ஏற முன்னம் எடும்."

வாங்கிக்கொண்டேன்.